தளர்ந்த நரம்பு

புக்கிட் கட்டில் என்ற ஊரின் மீன்குளத்தில் தூண்டில் போட்டிருந்த என் மருமகன், நரம்பைக் கொஞ்சம் தளர்த்தி விட்டார். "இறுக்கமா இருந்தா கெண்டை உரசிப் பார்த்துட்டு ஓடிரும், அத்தை," என்றார்.

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது, நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அம்மா இறந்துபோனார். அதன்பிறகு அப்பா அதிகம் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு, காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சீனர் தோட்டத்துக் குளத்துக்குப் போவார். ஈரமண்ணும் கங்குங் கீரையும் மணக்கும் கரையில் இரண்டு மூங்கில் தூண்டில்களைக் கவட்டைக் குச்சிகளில் சாய்த்து, நரம்பு விறைப்பாக நிற்கும்படி வைப்பார். கெண்டை எதுவும் சிக்காது.

ஒருநாள், மழையில் இளகிய மண்ணில் கவட்டை சரிந்து என் தூண்டில் கீழே விழுந்தது. நரம்பு தொய்ந்து தண்ணீருக்குள் படிந்தது. நான் நிமிர்த்தப் போனேன்.

"இரும்மா, அப்படியே விடு. என்னதான் ஆவுதுன்னு பார்ப்போம்."

சற்று நேரத்தில் நரம்பு மெல்ல நகர்ந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தோம். என் கை நீளத்துக்கு ஒரு கெண்டை!

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மீனோடு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். வாசலிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டார்.

"செல்லம்மா, இங்க வந்து பாரு!"

அடுப்படியில் சத்தமே இல்லை. அப்பா அப்படியே நின்றுவிட்டார். மீன் அவர் கையில் துள்ளிக்கொண்டிருந்தது. நான்தான் அதை வாங்கி அண்டாவுக்குள் விட்டேன்.