முனிரத்தினம் அன்று ஏன் இறக்கினார்

ட்ரோன் பறக்கும்போது போனை ஊமையாக்கி வைப்பது எங்கள் வழக்கம். போன்தான் எங்களுக்குத் திரை. நடுவில் யாராவது கூப்பிட்டு அந்த அழைப்பு படத்தை மறைத்தால், கேமரா எந்த மரத்தில் போய் மோதும் என்று சொல்ல முடியாது. அதனால் முனிரத்தினம் இறந்த செய்தி என்னைத் தேடி வந்தபோது எனக்குத் தெரியவில்லை. மணவூரில் ஒரு புதுமனைப் புகுவிழாவை மேலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இறக்கி, இறக்கைகளை மடக்கிவிட்டுப் போனைத் திறந்தால், அவர் மனைவி கஸ்தூரி பலமுறை அழைத்திருந்தார். அதற்குள் எங்கள் புகைப்பட, வீடியோக் கலைஞர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டரே வந்துவிட்டிருந்தது. மீசை வைத்திருந்த காலத்துப் படம். மீசையை எடுத்துப் பல வருடம் ஆகிறது என்பதுகூட அதைப் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

கஸ்தூரியை அழைத்தேன். “டீ குடிச்சிகினு இருந்தாரு சார். டம்ளர கீழ வச்சாரு, அப்பிடியே சாஞ்சிட்டாரு. நீங்க எங்க இருக்கீங்க?”

“மணவூர்ல.”

“மெஷின பத்திரமா எடுத்து வச்சிட்டு வாங்க. அவசரத்துல எதையாவது அங்கயே விட்டுட்டு வந்தா அவரு திட்டுவாரு.” அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

சங்கத்தார் திருத்தணியில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பேசியவர்களில் ஒருவர், பெயர் வேண்டாம், முனிரத்தினத்தின் கைநேர்த்தியைப் புகழ்ந்துவிட்டு, “என்ன, அண்ணனுக்குத் துணிச்சல்தான் கொஞ்சம் கம்மி. ஒரு பெரியவர் உயிர் ஊசலாடும்போது, ஸ்கிரீன்ல ஏதோ மெசேஜ் வந்துச்சுன்னு மெஷினை இறக்கினவர் ஆச்சே” என்றார். சிலர் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். பதில் சொல்ல எழுந்தேன். நேரமில்லை என்று மைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று அந்த வயல்வரப்பில் அவர் பக்கத்தில் நின்றவன் நான். சிரித்தவர்கள் யாரும் அங்கே இல்லை. இறந்தவர் பெயரில் கோழைத்தனம் ஒட்டிக்கொள்ள நான் விடமாட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

நான் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்த தனியார் கல்லூரி என்னை வெளியே அனுப்பியது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். என்னைப் பற்றி முதல்வரிடம் சொன்னவரும் இருக்கிறார். அந்தச் சமயத்தில் எனக்கு வேலை கொடுத்தவர் முனிரத்தினம். நெசவாளர் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். கல்யாணப் புகைப்படத்தில் தொடங்கி, வீடியோவுக்கு வந்து, முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கி ட்ரோன் ஓட்டியவர். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. “எடிட்டிங் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “இங்கிலீஷ் தெரியுமில்ல, அது போதும். ஸ்கிரீன்ல அது கத்திகினே இருக்குது. எனக்குப் படத்தைப் பாக்கறதா, அதப் படிக்கறதான்னு புரியல வாத்தியாரே” என்றார். கடைசி வரைக்கும் நான் அவருக்கு வாத்தியார்தான்.

அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது. அவர் ஓட்டுவார், தோளோடு தோள் நின்று திரையில் விழும் எச்சரிக்கைகளை நான் படிப்பேன். அவர் “ஆங்” என்று சொன்ன பிறகுதான் அந்தச் செய்தியைத் திரையிலிருந்து விலக்குவேன். முதல் நாள், விசைத்தறிக் கூடம் ஒன்றின் விளம்பரத்துக்காகப் படம் எடுத்தோம். மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று பட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. காந்தப்புலத்தில் குறுக்கீடு, காற்று பலமாக இருக்கிறது, அருகில் தடைசெய்யப்பட்ட பகுதி. எல்லாவற்றையும் ஒரே பதற்றத்தில் கத்தினேன். அவர் மெஷினை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “வாத்தியாரே, நீ படிக்கறதப் பாத்தா எல்லாரும் செத்துட்ட மாதிரி இருக்குது.”

மறுநாள் வரும்போது ஒவ்வொன்றுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார். அரக்கோணத்துக் கடற்படை விமானதளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினாலே வந்துவிடும் ‘அருகில் தடைசெய்யப்பட்ட பகுதி’ மாமியார். வாசற்படி தாண்டும் முன்பே ஆரம்பிப்பார். வணக்கம் வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம், ஆனால் அவர் கிழித்த கோட்டைத் தாண்டக் கூடாது. தகரக் கூரையைக் கண்டால் முறைத்துக்கொள்ளும் காந்தப்புலக் கோளாறு சித்தப்பா. கொஞ்சம் தள்ளி நின்றால் சமாதானமாகிவிடுவார். காற்று மச்சான், சவடால் அதிகம், சில சமயம் நிஜமாகவே தள்ளிவிடுவான். பேட்டரி தீரப்போகிறது என்ற செய்தி நைனா, அவர் வீட்டுத் தெலுங்கில் அப்பா. “நைனா கூப்ட்டா, கைல இன்னா வேல இருந்தாலும் போட்டுட்டு எழுந்துக்கணும். மறு பேச்சு கெடையாது” என்றார். எல்லாச் செய்தியும் ஒரே மாதிரி அலறும். அதில் யார் குரல் எது என்று பிரித்துக் கேட்கத்தான் அவர் இந்த உறவுமுறையைக் கண்டுபிடித்தார். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் பைத்தியம்போல் தெரிந்திருப்போம். “மாமியார் வந்தாச்சு.” “ஆங்.” “மச்சானும் கூடவே.” “ஆங், ஆங், பாத்துகினு இருக்கேன்.”

மலையடிவாரத்து மண்டபம் ஒன்றில் நடந்த கல்யாணம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தை, மண்டபத்துக்குள் இருந்த எல்இடி திரையில் நேரடியாகக் காட்டச் சொன்னார்கள். எங்கள் போனில் தெரிவதெல்லாம் அந்தப் பெரிய திரையில் அப்படியே தெரிந்தது. மாப்பிள்ளையின் கார் திரும்பும் நேரம், அவர் முகத்துக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை விழுந்து, ‘எச்சரிக்கை! உடனே கீழே இறங்கவும்!’ என்று ஆங்கிலத்தில் ஒளிர்ந்தது. படித்த யாரோ அதைத் தமிழில் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை எழுந்து நின்றுவிட்டார். “இன்னாது இது? தாலி கட்றதுக்கு முன்னாடியே எச்சரிக்கயா? எறங்கறதா? நல்ல நாளும் அதுவுமா!” கூட்டத்தில் சலசலப்பு. முனிரத்தினம் மெஷினை இறக்கிக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, மைக்கை வாங்கிச் சொன்னார்: “அத்தே, அது மெஷினுக்குச் சொல்லுது, மாப்பிள்ளைக்கு இல்ல. மாப்பிள்ளைக்கு எச்சரிக்க குடுக்கணும்னா பொண்ணு வருது, அது குடுத்துக்கும்.” மண்டபமே சிரித்தது, அத்தையும் சிரித்தார். அதன் பிறகு, எழுத்துகள் இல்லாமல் வெறும் படம் மட்டும் பெரிய திரைக்குப் போகும்படி தனி இணைப்பு ஒன்று செய்து கொடுத்தது நான். அந்தப் பெருமையை யாரும் எனக்குத் தரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முனிரத்தினம் மட்டும் போகிற இடமெல்லாம் சொன்னார்.

என் சுபாவத்தை அவர் அறிந்திருந்தார். கல்லூரிக்காரர்களைப் பற்றி நான் தொடங்கினால் கொஞ்ச நேரம் கேட்பார். ஒருநாள் திருவாலங்காட்டில் ஒரு டீக்கடையில், “வாத்தியாரே, உன் ஸ்கிரீன்ல எல்லாமே செவப்பாதான் வருது. ஒன்னாவது மஞ்சள்ல வர்றது கெடையாதா?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. சில விஷயங்கள் சிவப்புதான்.

இனி அந்தப் பிற்பகல்.

திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளி ஆண்டு விழா. எடுத்து முடித்துக் கிளம்பும் நேரம், தாமோதரன் என்ற விவசாயி பைக்கில் வந்து நின்றார். அவருடைய அப்பா கங்காதரனுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் வீட்டில் இல்லை. கரும்புப் பக்கம் போனதை ஒருவர் பார்த்திருக்கிறார். கடும் வெயில். ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. உள்ளே போனவர் நான்கு அடி தள்ளி நின்றாலும் தெரியமாட்டார். ஊரே கத்திக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தது. சர்க்கரை வியாதிக்காரர், தண்ணீர்கூட இல்லாமல் போயிருக்கிறார் என்றார் தாமோதரன்.

எங்களிடம் பாதிக்கு மேல் தீர்ந்த ஒரு பேட்டரியும், முழுதாக இருந்த ஒன்றும்தான் மிச்சம். முதலில் பாதியைப் போட்டு ஏற்றினார் முனிரத்தினம். நான் படித்தேன். மேற்கே போனதும் மாமியார் வந்தார்; முனிரத்தினம் மெஷினைத் திருப்பினார். மச்சான் வந்தான்; தாழ்த்தினார். ஒவ்வொரு பட்டையும் திரையின் மேற்பகுதியை மறைத்தது. கரும்பின் ஓரம் தெரிவதும் அங்கேதான். தாமோதரனும் அவருடைய உறவினர்களும் எங்கள் முதுகில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நைனா” என்றேன் நான்.

“ஆங்.” பேட்டரி தீரப்போனதால் மெஷின் தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பத் தொடங்கியது. திரையில் சிவப்பு விழுந்த அதே கணத்தில் தாமோதரன் கத்தினார். “அங்க! வெள்ளயா இன்னாவோ தெரிஞ்சிது! அப்பாதான் அது! திருப்புங்க!”

எனக்கும் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. முனிரத்தினம் திருப்பவில்லை. தாமோதரன் எங்கள் இருவருக்கும் நடுவே கையை விட்டு, திரும்புவதை ரத்து செய்யும் பொத்தானை அழுத்திவிட்டார். மெஷின் தூரத்தில் அப்படியே நின்றது. மறுபடி சிவப்பு. மறுபடி. ஆளாளுக்குக் கத்தினார்கள்.

“கைய எடுங்க” என்றார் முனிரத்தினம். “நான் இறக்கறேன்.”

“எங்கப்பன் அங்க கெடக்கறாருய்யா! மெஷினு போனா போவுது, வேற வாங்கிக்கோ! ஆளு போனா வருமா?”

“பாத்தா மட்டும் போதுமாண்ணா? இந்தக் கரும்புக்குள்ள வழி எங்க இருக்குது? நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் அவரு தலைக்கு மேல இது நிக்கணும். சத்தத்த வச்சித்தான் போவ முடியும். இதுல அவ்ளோ நேரம் நிக்காது. விழுந்துட்டா தேடறதுக்கு இன்னொன்னு கெடையாது.” பேசிக்கொண்டே அவர் மெஷினை எங்கள் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்.

அது வந்து சேர்வதற்குள் அவரைச் சொல்லாத வார்த்தை இல்லை. ஒருவர் சட்டையைப் பிடித்தார். மெஷின் இறங்கியதும் முனிரத்தினம் பேட்டரியை மாற்றினார். அவசரமே இல்லாதவர்போல், அது சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். மறுபடி ஏற்றி நேராக அந்த வெள்ளையை நோக்கிப் போனார்.

உரச் சாக்கு. யாரோ வரப்பில் போட்டுவிட்டுப் போன வெறும் உரச் சாக்கு.

 முனிரத்தினம் அங்கே நிற்கவில்லை. வாய்க்கால் போகும் வழியே தாழ்வாக நகர்த்திக்கொண்டே போனார். வெகு தூரத்தில், தண்ணீர் இல்லாத ஒரு கிளை வாய்க்காலுக்குள், கரும்பு நிழலில் ஒரு கால் தெரிந்தது. மெஷினை அதற்கு மேலே நிறுத்தினார். சத்தத்தைப் பின்பற்றித் தாமோதரனும் மற்றவர்களும் கரும்பை விலக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு முறை வழி தவறித் திரும்பினார்கள். மெஷின் நகரவில்லை. அவர்கள் போய்ப் பெரியவரைத் தூக்கி உட்கார வைத்ததைத் திரையில் பார்த்த பிறகுதான், நான் மறுபடியும் “நைனா” என்றேன். அவரும் “ஆங்” என்றார்.

பெரியவரை எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார்கள். உதடு வெடித்திருந்தது. அவர் முனிரத்தினத்தின் கையிலிருந்த மெஷினைப் பார்த்துவிட்டு, “உன்னுதாப்பா இது? தலைக்கு மேல நின்னுகினு ஒரே சத்தம். தூங்கவே வுடல” என்றார். முனிரத்தினம், “மன்னிச்சிக்க பெரியவரே, இனிமே சத்தம் போடாது” என்றார்.

இதுதான் நடந்தது. ஆனால் ஊரில் ஓடும் கதையில், மகன் மெஷினைத் திருப்பச் சொன்னார், கேமராக்காரர் பயந்து இறக்கினார், அப்புறம் மகனே ஓடிப்போய்க் கண்டுபிடித்தார். அந்தக் கதை முனிரத்தினத்தின் காதுக்கும் வந்தது. “வுடு வாத்தியாரே, அப்பன் கெடச்ச சந்தோஷத்துல எல்லாம் கலந்துபோயிருக்கும்” என்றார். கங்காதரன் இன்னும் உயிரோடு இருக்கிறார். சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம். அன்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. ஆனால் மூன்று வேளையும் சாப்பிடுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

முனிரத்தினத்திடமிருந்து அந்த மன்னிக்கும் குணத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்குப் பொருந்தாது, அவரோடு போகட்டும். நான் வைத்துக்கொள்வது வேறொன்று. அதை இதுவரை கஸ்தூரியிடம்கூடச் சொன்னதில்லை. தாமோதரன் அந்தப் பொத்தானை அழுத்தி, எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது, கூட்டத்திடம் ஒரு வார்த்தை பேசும் முன், முனிரத்தினம் என் காதுப் பக்கம் சாய்ந்தார். “வாத்தியாரே, அது அவங்கப்பாவா இருந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்? கை நடுங்குது. நீ நிறுத்தாத, படிச்சிகினே இரு” என்றார். நான் நிறுத்தாமல் படித்தேன். பிறகு அவர் நிமிர்ந்து, “இறக்கறேன்” என்றார். கூட்டத்துக்குக் கேட்ட அந்தக் குரலில் நடுக்கம் இல்லை.