கம்பி மாட்டாத போர்ட்டிலிருந்து வந்த பதில்

பேய், பில்லிசூனியம் எதையும் நான் நம்பியவன் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜெபமாலையும் டெலிபோன் கம்பியும்தான். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. அரூர் பக்கத்தில் எங்கள் ஊர் எக்சேஞ்சில் நான் லைன்மேன். பழைய போர்டைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டர் எக்சேஞ்ச் வைத்துக்கொண்டிருந்த வாரம்தான் என் மனைவி ஸ்டெல்லா பிரசவமாகி, ரத்தப்போக்கு நிற்காமல் சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். துணைக்கு அவள் அண்ணன் இருந்தார். மூத்த பையனை என் அம்மாவிடம் விட்டுப்போக ஊருக்கு வந்தவன், எப்படி இருக்கிறாள் என்று போனில் கேட்டுவிட்டு பஸ் ஏறலாம் என்று காலை பத்து மணிக்கு எக்சேஞ்சுக்குப் போனேன். ஊரில் ஒரு போனும் வேலை செய்யவில்லை. டெஸ்ட் முடிந்தால்தான் வெளியூர் லைன் என்றார் பெங்களூரிலிருந்து வந்திருந்த இன்ஜினியர். சீக்கிரம் முடியட்டும் என்று நானும் கூடமாட நின்றேன்.

டெஸ்ட் என்றால் இதுதான். மெஷினில் வரிசையாகப் போர்ட்டுகள், அதாவது கம்பி மாட்டும் துளைகள். எந்தப் போர்ட் எந்த வீட்டுக் கம்பிக்கு என்று முதலில் பதிய வேண்டும். பிறகு அவர் கீபோர்டில் தட்டினால் அந்தப் போர்ட் வழியாக மணி அடிக்கச் சொல்லி மெசேஜ் போகும். அந்த வீட்டில் ரிசீவரை எடுத்தால், எடுத்தாயிற்று என்று திரையில் பதில் வரும். கம்பி மாட்டாத போர்ட்டுக்கும் அனுப்பிப் பார்ப்பார். அதில் பதில் வரவே கூடாது.

கடைசிப் போர்ட்டில் வந்தது.

"என்னங்க அந்தோணி, இதுல எவன் வூட்டுக் கம்பிய மாட்டுனீங்க?"

"ஒண்ணும் மாட்டலீங்க சார். வந்து பாருங்க, சும்மாதான் கெடக்குது."

பின்பக்கம் போய்த் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு தடவை அனுப்பினார், பதில் வரவில்லை.

"உங்க மாதாவுக்கு ஒரு கனெக்‌ஷன் குடுத்துட்டீங்களாட்டம் இருக்குது" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் இறங்கிவிட்டது. "சார், இன்னொரு தடவ அனுப்புங்க சார்" என்றேன். தாயே, ஸ்டெல்லா பிழைப்பாள் என்றால் எடுங்கள் தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். நம்பினால் நம்புங்கள், அவர் கீபோர்டிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. எடுத்தாயிற்று.

அங்கேயே முழங்காலில் விழுந்து அழுதேன்.

பன்னிரண்டு மணிக்கு வெளியூர் லைன் கிடைத்தது. வார்டுக்குப் போட்டேன். ஸ்டெல்லாவின் அண்ணன் வந்து பேசினார்.

"நம்ம ஸ்டெல்லா போயிட்டா மாப்ள. காலையில ஒம்போது மணிக்கே முடிஞ்சி போச்சுங்க."

நான் மாதாவைக் கேட்டது பதினொரு மணிக்கு. அவள் போய் இரண்டு மணி நேரம் ஆன பிறகு, பிழைப்பாள் என்று எனக்குப் பதில் சொன்னது எது? ஏதோ ஷார்ட் ஆகியிருக்கும் என்றார் இன்ஜினியர். இருக்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த கைப்பிள்ளைக்கு அந்த வாரமே மூச்சு வாங்கியது. "மாதாகிட்ட கேளுடா அந்தோணி, பச்சப் புள்ளடா" என்று அம்மா மடியில் வைத்துக்கொண்டு கதறினார். நான் வீட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றேன். மறுபடியும் அப்படியொரு பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கேட்காமலேயே நின்றுகொண்டிருந்தேன். பிள்ளையும் போய்விட்டது.

இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன், ஜெபமாலை சொல்கிறேன். எனக்கென்று எதையும் கேட்பதில்லை.