ஆறேகால் மணி வாசகர்

செஞ்சி காந்தி பஜாரில் விதைக்கடை வைத்திருக்கும் சுமதிநாதனின் மனைவி அனந்திக்கு நாற்பத்தெட்டு வயது. ஏழு வருஷமாக ஒரு வலைப்பூ எழுதுகிறாள். வலைப்பூ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் எழுந்ததும் காலண்டர் தாளைக் கிழிப்பாள். அன்றைக்கு என்ன திதி, பொழுது எப்போது சாயும், வீட்டில் என்ன சமையல் என்ற மூன்றையும் போனில் தட்டி ஆறு மணிக்குள் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். தலைப்பு கிடையாது. படம் கிடையாது. பாத்திரத்தைப் படம் எடுத்துக்கொண்டு நின்றால் சோறு யார் வடிப்பது?

அவர்கள் தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பாடு இல்லை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு வாசற்படி தாண்டாது. அஷ்டமி, சதுர்த்தசி வந்தால் அந்த வீட்டு வழக்கப்படி கீரையும் பச்சைக் காயும் கிடையாது. பருப்பு, பயறு, வற்றலோடு சரி. செஞ்சியில் வேறு ஒரு தொல்லை உண்டு. பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், சூரியன் அதற்கு முன்பே ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அனந்தி மலையைத்தான் நம்புவாள். வலைப்பூவிலும் இரண்டு நேரத்தையும் போட்டுவிடுவாள், அவரவர் மனசாட்சிப்படி சாப்பிடட்டும் என்று.

இதெல்லாம் ஆரம்பித்தது அக்கா ஜெயந்தியால். பெங்களூரில் வாழ்க்கைப்பட்டவள். தினமும் காலையில் போன் செய்து "இன்னிக்கு இன்னா திதிடி, இன்னா சமையல்?" என்று கேட்பாள். பிறகு நாத்தனார் கேட்டாள், சித்தி மகள் கேட்டாள். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் எழுத ஆரம்பித்தாள். எழுத ஆரம்பித்த பிறகும் ஜெயந்தி மட்டும் போன் செய்வதை விடவில்லை. படித்துவிட்டே கேட்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அது நின்றது. ஜெயந்தியின் மகன் கோமதேஷுக்குக் கல்யாணம். பெங்களூர் வரவேற்பில் எல்லாம் தாமதமாகி, பந்தி போடும்போது இரவு எட்டு. இலைக்கு எதிரில் உட்கார்ந்த அனந்தி, பெண் வீட்டார் காதில் விழ, "பொழுது சாஞ்சி இத்தினி நேரம் ஆவுது, நம்ம ஜனங்க இப்ப சாப்புடுவாங்களாக்கா?" என்று கேட்டுவிட்டாள். ஜெயந்தியின் முகம் செத்துவிட்டது. ஊருக்கு வந்தபின் மூன்று முறை கூப்பிட்டாள் அனந்தி. மூன்று முறையும் அந்தப் பக்கம் துண்டிக்கப்பட்டது. அதோடு இவளுக்கும் வீம்பு வந்துவிட்டது. சொன்னது சரிதானே என்று ஒரு நாள் தோன்றும், சொன்ன இடம் தப்பு என்று மறுநாள் தோன்றும். எது என்று இன்றுவரை அவளுக்கே முடிவாகவில்லை.

வலைப்பூவுக்குள் ஒரு கணக்குப் பக்கம் இருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து என்று காட்டும். தினமும் நாற்பது பேர் வருவார்கள். அதில் ஒருவர், பெங்களூர், காலை ஆறேகால். ஒரு நாள் தவறுவதில்லை. அது அக்காவா? அக்கா என்றால் இன்னும் தன்னை நினைக்கிறாள் என்று அர்த்தம். வேறு யாரோ என்றால், மூன்று வருஷமாக யாரோ ஒருவருக்காக நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் அனந்தி மாநாட்டுக்குப் போனாள்.

புதுச்சேரியில் படைப்பாக்க வலைப்பதிவர் மாநாடு, ஒரு நாள், அனுமதி இலவசம் என்று மின்னஞ்சல் வந்திருந்தது.

"இதுக்குலாம் மாநாடு போடுறாங்களா? கொடி உண்டா?" என்றார் சுமதிநாதன்.

"ஒரு சந்தேகம் இருக்குது, கேட்டுக்கினு வந்துடறேன்."

"என்னக் கேக்கக்கூடாதா?"

"உங்களுக்குத் தெரியாதுங்க," என்றாள். அவருக்கும் அது தெரிந்ததுதான். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு, திண்டிவனத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள்.

குளிர் ஏறிய அரங்கம். காதோரம் மைக் மாட்டிய ஷோபனா என்ற பெண், பயணக் கட்டுரைகள் எழுதுகிறவள், முதலில் பேசினாள். உங்கள் கதையைச் சொல்லுங்கள், மனசைத் திறங்கள், அழுகை வந்தால் அழுதுகொண்டே எழுதுங்கள் என்றாள். அனந்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்து பார்த்திபன், கணினிக்காரர். உங்கள் கதை யாருக்கும் வேண்டாம், படிக்கிறவனுக்கு என்ன லாபம் என்று மட்டும் பாருங்கள் என்றார். அதையும் எழுதிக்கொண்டாள். நீளமாக எழுதினால்தான் தேடலில் வரும் என்றார் இவர். நாலு வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை என்றாள் அவள். தலைப்பில் எண் வேண்டும், கேள்வி வேண்டும், கொஞ்சம் பயம் வேண்டும். தினமும் எழுது, வாரம் ஒரு முறை மட்டும் எழுது. மதியத்துக்குள் நோட்டு நிறைந்துவிட்டது, தலை காலியாகிவிட்டது. சுற்றிலும் எல்லோரும் தலையாட்டினார்கள். நமக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று அவளும் ஆட்டி வைத்தாள்.

கேள்வி நேரத்தில் மைக் கைக்கு வந்தது. எழுந்து நின்றாள்.

"சார், தெனம் காலைல ஆறேகாலுக்கு பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் வந்து படிக்கிறாங்க. அவங்க யாருன்னு கண்டுபுடிக்க முடியுமா?"

அரங்கமே சிரித்தது. பார்த்திபன் சிரிக்கவில்லை, அது வேறு கஷ்டமாக இருந்தது. "யாருன்னு தெரியாதும்மா, ஊரு மட்டும்தான் காட்டும். ஒருத்தரை விடுங்க. பத்தாயிரம் பேர் வர்றதுக்கு வழியப் பாருங்க."

பத்தாயிரம் பேரை வைத்துக்கொண்டு அனந்தி என்ன செய்வாள்?

தேநீர் நேரத்தில் ஷோபனா தேடி வந்து தோளைத் தொட்டாள். "ஆன்ட்டி, அந்த ஒருத்தர்தான் முக்கியம். அவங்களுக்கு ஒரு பேர் வைங்க. வயசு, குடும்பம், என்ன பிடிக்கும், எதுக்குக் கோவப்படுவாங்க, எல்லாம் கற்பனை பண்ணி எழுதி எதிர்ல ஒட்டிக்கோங்க. அவங்களுக்காக எழுதுங்க."

அனந்தி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜெயந்தி, ஐம்பத்தைந்து என்று எழுதினாள். எதற்குக் கோபப்படுவாள் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கற்பனைக்கு அங்கே வேலையே இல்லை. கண் கலங்கியது, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெங்காய பஜ்ஜியைத் தட்டோடு திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தாள். திண்டிவனத்தில் இறங்கி, வெளிச்சம் போகுமுன் இரண்டு வாழைப்பழம் தின்றாள்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினால், ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ளாத வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு மாதத்துக்கானதை ஒரே மூச்சில் எழுதி வைத்துவிடுங்கள், தேதி குறித்துவிட்டால் தானாக வெளியாகும். இதை மட்டும் இரண்டு பேருமே சொன்னார்கள். படித்தவர்கள் இரண்டு பேர் ஒத்துப்போகிற விஷயம் தப்பாகவா இருக்கும்? அனந்தி உட்கார்ந்தாள். மூன்று மதியத்தில் முப்பது பதிவு எழுதினாள். தலைப்பும் வைத்தாள். 'பருப்பு ரசத்தில் நீங்கள் செய்யும் ஐந்து தவறுகள்.' 'மூன்றே பொருள், முருங்கைக்கீரைப் பொரியல், நாலாவது எதற்கு?' எழுதியது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

தலைப்பு யோசிப்பதிலேயே மூளை போய்விட்டதால், திதிக்குக் காலண்டரைப் புரட்டவில்லை. போன சதுர்த்தசியிலிருந்து விரல் விட்டுப் பதினைந்து எண்ணினாள். திதி விரலுக்கு அடங்குகிற சரக்கில்லை. சில சமயம் நடுவில் ஒன்று விடுபட்டுப்போகும். அந்த முறை விடுபட்டது. சதுர்த்தசி ஒரு நாள் முன்னால் வந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமை காலை அனந்தி வழக்கம்போல் தாளைக் கிழித்தாள், சதுர்த்தசி என்று பார்த்தாள், காராமணிக் குழம்பு வைத்தாள். போனில் என்ன வெளியாகியிருக்கிறது என்ற நினைப்பே இல்லை. அதுதான் தானாக நடக்கிறதே.

மதியம் ஒரு மணிக்குப் போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று இருந்தது. அனந்தி அதை இரண்டு தடவை படித்தாள்.

"இன்னிக்கு இன்னா திதிடி?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு, நல்லா இருக்கியா என்றுகூட இல்லை.

"சதுர்த்தசிக்கா," என்று வாய் தானாகச் சொன்னது.

"அப்ப இன்னாத்துக்குடி முருங்கக்கீரைன்னு போட்ட? தேங்கா துருவிப் போட்டு, ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டேன். கை கழுவிட்டு வந்தா மருமவ போன்ல சதுர்த்தசின்னு காட்டுறா. முப்பது வருசத்துல ஒரு சதுர்த்தசி தவறுனதில்ல எனக்கு!"

அனந்திக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. இத்தனை நாள் வந்தது அக்காதான். அந்த அக்காவின் விரதத்தைக் கெடுத்ததும் தான்தான். எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல், தெரியாத்தனமாக வாயை விட்டாள்.

"காலண்டர் பாக்கக்கூடாதாக்கா?"

"இங்க ஏதுடி காலண்டரு? கடசியா நீ குடுத்தனுப்புனது கோமதேஷ் கல்யாண வருசத்துது. நீ போடுறதப் பாத்துத்தான் இத்தினி நாளா..." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அத்தினி பேர் எதிர்ல என்ன ஒரு கேள்வி கேட்டியே. இப்ப நான் யாரப் போயி கேக்குறது?"

"என்னத்தான் கேக்கணும்," என்றாள் அனந்தி. "தப்பு எம்மேலதான். அன்னிக்கும் எம்மேலதான். திட்டுக்கா."

ஜெயந்தி திட்டவில்லை. போய்விட்டாளோ என்று அனந்தி திரையைப் பார்த்தாள், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நாளைக்கு?" என்றாள் ஜெயந்தி கடைசியில்.

"அமாவாசைக்கா. எழுதி வச்சது முழுக்க ஒரு நாள் தப்பு, எல்லாத்தையும் எடுத்துடறேன்."

"அது கெடக்குது. நாளைக்கு இன்னா சமைக்கப்போற?"

அனந்தி போனோடு அடுப்படிக்குப் போனாள். பூசணியா, வாழைக்காயா, வீட்டில் என்ன இருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை.

"இன்னும் யோசிக்கலக்கா."

"யோசி," என்றாள் ஜெயந்தி. "நான் போன வைக்க மாட்டேன்."