படிய வாரிய மீன்

சலூன்காரரின் கடைக்கு முடிவெட்ட வருகிறவர்களைவிட மீன் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே அவர் மனைவிதான். சுழல் நாற்காலிகளுக்கு எதிரே, கண்ணாடிக்குக் கீழே, அவளுடைய மீன்தொட்டி இருந்தது. கத்தரிக்கோலைக் கண்டாலே ஊரைக் கூட்டும் குழந்தைகள்கூட மீனைப் பார்த்தபடி தலையை ஆட்டாமல் உட்கார்ந்துவிடும். தொழிலுக்கு உதவி என்பதால் அவரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

மீன் வாங்குவது அவள் பொறுப்பு. கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை அதை அவர் கையில் எடுத்தார். கடைத் தொட்டியில் மற்ற மீன்களெல்லாம் துடுப்பை விரித்துக்கொண்டு பரட்டைத் தலையாய்த் திரிய, ஒன்று மட்டும் துடுப்புகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு மூலையில் அடக்கமாக நின்றது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை மாதிரி! முடிவெட்டுகிறவர் மனம் அதில் விழாமல் வேறெதில் விழும்? பெருமையாக வாங்கிவந்து தொட்டியில் விட்டார்.

அவள் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அடக்கம் இல்லைங்க இது, சீக்கு. உடம்புக்கு முடியாத மீனுதான் துடுப்ப இப்படி மடக்கி வெச்சுக்கும்."

அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. சில நாட்களிலேயே எல்லா மீன்கள் மேலும் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். தொட்டியே காலியானது. அவள் திட்டவில்லை. அதற்குப் பதிலாக, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "இவரு மீன் வாங்கலீங்க, தலை வாரின மாப்பிள்ளை பாத்துட்டு வந்தாரு."

அன்றிலிருந்து அவருக்குப் பை தூக்கும் உத்தியோகம். விடுமுறை நாளில் இருவரும் மீன்கடைக்கு நடந்து போவார்கள். அவள் முதலில் பார்ப்பது தொட்டியின் அடியைத்தான். ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் போதும், மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கமாட்டாள். "தண்ணி ஒண்ணுதானே" என்பாள். அடி சுத்தமாக இருந்தால் கடைக்காரரை இரை போடச் சொல்வாள். முண்டியடித்துக்கொண்டு வரும் மீனைத்தான் கைகாட்டுவாள். கடைக்காரர் பல்லைக் கடிப்பார், இவர் கால் மாற்றி மாற்றி நிற்பார். கால் கடுக்க நிற்கவைக்கிறாளே என்று அன்று சலித்துக்கொண்ட மனிதருக்கு, இன்று அந்தக் கடையின் ஈர வாசனையும், கண்ணாடியில் மூக்கு ஒட்ட நிற்கும் அவள் முகமும்தான் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

இப்போது மூட்டுவலி அவளைக் கடைக்கு மேலிருக்கும் வீட்டோடு கட்டிப்போட்டுவிட்டது. தொட்டியும் மாடியேறி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதில் மிச்சம் ஒரே ஒரு தங்கமீன்.

"எதிர்வீட்டுப் பல் டாக்டர் தொட்டியக் கேட்டுட்டே இருக்காரு, மீனோட குடுத்துடலாங்க" என்றாள் ஒருநாள். "ஒத்தையா சுத்திட்டு இருக்கறதப் பாக்க முடியல. இனிமே யாரு போய்ப் பாத்து வாங்கப்போறா?"

தொட்டி போய்விட்டால் இவள் நாள் முழுக்க எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்?

"நான் போய் ஜோடி வாங்கிட்டு வரேன்."

"நீங்களா?" என்று வாய்விட்டுச் சிரித்தாள். "சரி, போங்க. இந்தத் தடவையும் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்தீங்கன்னா தொட்டி டாக்டருக்குத்தான்."

அதே கடை. கடைக்காரருக்கும் தலை நரைத்திருந்தது. தங்கமீன்கள் துடுப்பை விசிறியாய் விரித்துக்கொண்டு திரிந்தன. இரை போடச் சொன்னார். எல்லாம் பாய்ந்து வந்தன. அவருக்கு வாயெல்லாம் பல். கைகாட்டப் போகும்போதுதான் அடியைப் பார்க்க மறந்தது உறைத்தது. குனிந்தார். கூழாங்கல்லுக்குப் பின்னால் வெளுத்த வயிறு ஒன்று மல்லாந்து கிடந்தது.

"அது வண்டியில வரும்போது அடிபட்டதுங்க" என்றார் கடைக்காரர். "மத்ததெல்லாம் ஜம்முனு இருக்கு பாருங்க."

இருந்தன. அதுதான் வேதனை. வெறுங்கையோடு போனால் தொட்டி போய்விடும்.

"பக்கத்துத் தொட்டியில இருந்து குடுங்களேன்?"

"எதுல இருந்து எடுத்தா என்னங்க? எல்லாத்துக்கும் ஒரே குழாயில சுத்தி வர்ற தண்ணிதாங்க."

அவர் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

படியேறும் சத்தம் கேட்டதுமே அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தொட்டியின் மூடியைத் திறந்து தயாராக வைத்திருந்தாள்.

"எங்க மீனு?"

"வாங்கல." பரீட்சையில் தோற்றுவிட்டு வந்த பிள்ளைபோல் நின்றார். "அடியில ஒண்ணு செத்துக் கெடந்துச்சு."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "மத்தது?"

"நல்லாத்தான் இருந்துச்சு. துடுப்பெல்லாம் விரிஞ்சு, எரைக்கு ஓடி வந்துச்சு. இருந்தாலும் தண்ணி ஒண்ணுதானே."

அவள் தொட்டியைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. மெல்லக் கைநீட்டித் தொட்டியை மூடினாள்.

"டாக்டர்கிட்ட வேற தொட்டி பாத்துக்கச் சொல்லிடுங்க" என்றாள்.