கார்பனில் ஏறாத சிவப்பு

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது திண்டுக்கல்லில் ஒரு டாக்டரின் சொந்த ஆஸ்பத்திரியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். பன்னிரண்டு கட்டில், இரண்டு நர்ஸ், ஒரு கம்பவுண்டர், ஒரு பழைய டைப்ரைட்டர், அதன் முன்னால் நான். பெரிய வைத்தியத்துக்காக நோயாளியை மதுரைக்கு அனுப்பும்போது கூடவே ஒரு கடிதம் போகும். என்ன நோய், இதுவரை என்ன மருந்து கொடுத்தோம் என்று டாக்டர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். அவரிடம் ஒரு வாரம் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடிதம் என்று வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். வயதை எண்ணிலும் போட வேண்டும், எழுத்திலும் போட வேண்டும். சுருக்கமாக எதையும் எழுதக் கூடாது. இடது பக்கம் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று விரலை வைத்து அளப்பார். ரப்பர் போட்டு அழித்த தடம் தெரிந்தால் தாளைத் திருப்பி என் மேஜையிலேயே வைத்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிவப்பு வரி. நோயாளிக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், பெயருக்குக் கீழே அதைத் தனி வரியாக, முழுக்கப் பெரிய எழுத்தில், சிவப்பில், அடிக்கோடு போட்டு அடிக்க வேண்டும். அதற்கு நெம்புகோலைத் தள்ளி ரிப்பனின் சிவப்புப் பாதிக்கு மாற்றி, பெரிய எழுத்துக் கட்டையை அழுத்தி, அடித்து முடித்ததும் மறுபடி வரியின் தொடக்கத்துக்கு வந்து கோடு இழுக்க வேண்டும். ஒரே ஒரு விஷயத்துக்கு இத்தனை அலங்காரம்! கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசலில் வந்து நிற்பார்.

"ஆச்சாம்மா?"

ஆகவில்லை. எப்படி ஆகும்? டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் நான் முதல் வகுப்பு. இன்ஸ்டிட்யூட்டில் என் கை ஓடுவதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து மெஷின்காரிகள் தங்கள் கையை நிறுத்துவார்கள். அப்படிப்பட்டவளை இந்த மனிதர் கோடு இழுக்க வைத்தே ஆமையாக்கிவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் தீராத கடுப்பு.

அன்றைக்கு வந்தவர் குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவரின் மனைவி. தொடையில் ஆழமாகக் கட்டி. சீழ் கோத்து, கால் கனத்து, காய்ச்சலில் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உடனே கீறியாக வேண்டும் என்று மதுரையில் தமக்குத் தெரிந்த சர்ஜன் ஒருவரிடம் அனுப்பினார் டாக்டர். வெளியே ஒரே கூட்டம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கணவர் என் மேஜைக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். டாக்டரோ கை கழுவியபடியே கடகடவென்று சொல்லி முடித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. தனி வரி, பெரிய எழுத்து, அடிக்கோடு எல்லாம் இன்றைக்கு வேண்டாம், சிவப்பு ஒன்றே போதும், பார்க்கிறவருக்குக் கண் இல்லையா என்று நானே தீர்மானம் செய்துகொண்டேன். பழைய மருந்துகளைப் பற்றிய பத்தி நடுவில், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சிவப்பில் அடித்துவிட்டு மேலே ஓடினேன். ஓடிய வேகத்தில் கடைசிக்குப் பக்கத்தில் ஒரு பிழை. ரப்பரால் அவசரமாகத் தேய்த்தேன், தாளில் பொத்தலே விழுந்துவிட்டது.

மறுபடி முழுவதையும் அடிப்பதா? அடியில் இருந்த கார்பன் நகலை உருவிப் பார்த்தேன். அதைத் தனியாகத் திருத்தினால் போதும், பளிச்சென்று இருந்தது. வழக்கமாக மேல்தாள் நோயாளியோடு போகும், நகல் எங்கள் ஃபைலில் இருக்கும். இன்றைக்கு மாற்றிக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும் என்று நகலைத் திருத்தி நீட்டினேன். டாக்டர் ஒரு கையில் வேறு யாருடைய எக்ஸ்ரே படத்தையோ தூக்கிப் பார்த்தபடி மறு கையால் கையெழுத்துப் போட்டார். கணவர் கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினார். நான் அவ்வளவு சீக்கிரம் முடித்தது அன்றுதான். பெருமையாகக்கூட இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து ஃபைல்களை அடுக்கும்போது பொத்தல் விழுந்த மேல்தாள் கைக்கு வந்தது. நடுவில் அந்தச் சிவப்பு வாக்கியம். பரவாயில்லை, கண்ணில் அடிக்கிறமாதிரிதான் போட்டிருக்கிறோம் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் உறைத்தது. ரிப்பனில் சிவப்பு வைத்து அடித்தாலும் கார்பன் தாளுக்கு ஏது சிவப்பு? அடியில் இருக்கும் நகலில் எல்லா வரியும் ஒரே நீலம்தான். மெஷின் முன்னால் வருஷக்கணக்காக உட்கார்ந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். வேகத்தில் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போன வருஷம் இங்கே வச்சுத்தாம்மா அந்தம்மாவுக்கு அந்த ஊசியைப் போட்டேன். நிமிஷத்துல மூஞ்சி வீங்கி மூச்சு நின்னுபோச்சு. மீட்டுக் கொண்டாந்ததே பெரும்பாடு. இந்தச் சிவப்பு வரியே அதுக்கப்புறம் ஆரம்பிச்சதுதான்."

நான் வேலைக்குச் சேர்ந்த இந்த ஆறு மாதத்தில் இதை என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாம் அல்லவா? கோடு நேராக இல்லை என்று நூறு தடவை சொன்னவருக்கு, கோடு எதற்கு என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அப்போது அதைப் பேசும் நேரமா? மதுரைக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆகலாம் என்றார்கள். "நான் இதோட மல்லுக்கட்டுறேன். நீ அந்தத் தாளை எடுத்துக்கிட்டுப் பஸ் ஏறு," என்றார்.

அந்தப் பஸ்ஸைப் போல ஒரு பஸ்ஸை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கை காட்டினவர்களுக்கெல்லாம் நின்றது. அம்பாத்துரையில் நின்றது. கொடைரோட்டில் டிரைவர் இறங்கி டீ குடித்தார். குடித்துவிட்டு யாரோடோ சாவகாசமாகச் சிரித்துப் பேசினார். அதற்கப்புறம் மேலே பூக்கூடைகளை ஏற்றினார்கள். ஒரு கூடை சரிந்து, அதை மறுபடி கட்டினார்கள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, ஒரு உசுரு விஷயம், வண்டிய எடுங்கண்ணே!" என்று நான் கத்தியதற்குக் கண்டக்டர், "எடுக்கத்தானேம்மா போறோம், செத்த நேரம் இருங்க" என்றார். ஊருக்கு முன்னால் அடித்து முடித்தவள் அங்கே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதுரையில் அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. வார்டு நர்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். தாளை நீட்டி, திண்டுக்கல்லிலிருந்து டிரங்க் கால் வந்ததா, பென்சிலின் என்று நான் வாயெடுத்ததும் முறைத்தாள்.

"டிரங்க் கால் வரலையே, நீங்கதான் வாரீங்களா? நல்லா வந்தீங்க! மருந்தை ஊசியில ஏத்தியே வச்சுட்டேன். கேஸ் ஷீட்டுல உங்க கடுதாசியப் பாத்து எழுதணும், எழுதிட்டுப் போடுவோம்னு உக்காந்தேன். பென்சிலின் ஆகாதுன்னு ஒம்பதாவது வரியில கெடக்குது! அப்புறந்தான் வேற மருந்து மாத்திப் போட்டோம். எங்க டாக்டர் மேல கீழ பாத்துட்டுப் பென்சிலின்னு எழுதிக் குடுத்துட்டாரு. அவரு எங்கேன்னு அம்புட்டையும் படிப்பாரு? இத யாரு டைப் அடிச்சது?"

"நான்தான்."

அவள் தட்டில் இருந்த ஊசியை எடுத்து, மருந்தைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டுப் போனாள்.

அந்த அம்மா வேறு மருந்தில், கட்டி கீறியாகி, மயக்கம் தெளியாமல் படுத்திருந்தார். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. கணவர் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். தன் மனைவியைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலும். "எங்க மேல இம்புட்டுப் பிரியமா தாயி" என்று கும்பிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் யோசனையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நானும் சொன்னேன் தாயி, இவளுக்கு ஊசி ஒத்துக்காதுன்னு. ஊசின்னா எல்லாருந்தான் பயப்படுவாங்க, நீ வெளிய நில்லுன்னு சொல்லிப்புட்டாங்க. எந்த ஊசின்னு எனக்குப் பேரு தெரியலையே. இந்தக் கடுதாசிய மடியிலதான் கட்டிக்கிட்டு வந்தேன், உள்ள என்னா எழுதியிருக்குன்னு கண்டேனா?" கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "அந்தப் பேரைத் தமிழ்ல எழுதித் தாறீங்களா? எழுத்துக் கூட்டி வாசிச்சுக்குவேன்."

பொத்தல் விழுந்த அந்த மேல்தாளின் பின்பக்கத்திலேயே, நர்ஸின் பேனாவை வாங்கி எழுதினேன். 'இவருக்குப் பென்சிலின் ஊசி போடக் கூடாது.' அவர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பென்சிலின், பென்சிலின் என்று நாலைந்து தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதன் பிறகு நான் டாக்டரோடு மல்லுக்கு நிற்கவில்லை. சிவப்பு வரியையும் போட்டேன், கோடும் இழுத்தேன், கூடவே நோயாளி கையில் தமிழில் ஒரு சீட்டும் கொடுத்தேன். ஆனாலும் இன்றைக்கு யாராவது மருந்துச் சீட்டை நீட்டி இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டால், எனக்கு என் மேலேயே எரிச்சல் பொங்குகிறது. அந்த அம்மாவின் உயிரைக் காக்க ஒரே ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது, அதை எப்படி அடிப்பது என்று ஆறு மாதம் சண்டை போட்ட நாங்கள் இருவரும் அவர் பக்கத்திலேயே இருந்த மனிதரிடம் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம்.