மந்திரமூர்த்தி எழுதிய நீர்மட்டம்

என் அக்கா ஞானம்பாளைக் கட்டிய மந்திரமூர்த்தி அத்தானுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. பந்தியில் உட்கார்ந்தால் ரசம் வருவதற்குள் எழுந்துவிடுவார். டவுண் ஜவுளிக்கடையில் நாலு மாதம், பஸ் கண்டக்டராக ஒரு வருடம், உடன்குடிக் கருப்பட்டி வாங்கி விற்று ஒரு சீசன். எங்கும் யாரும் அவரை விரட்டவில்லை, அவரேதான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அப்படிப்பட்டவருக்கு முப்பத்திரண்டு வயதில் கிடைத்தது என்ன வேலை தெரியுமா? தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்திருக்கிற வேலை.

சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு தடுப்பணை. அதன் ஓரத்தில் அடியும் அங்குலமும் குறித்த கல் ஒன்று நிற்கும். காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளையும் தண்ணீர் எதுவரை நிற்கிறதெனப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. "ஆத்தையே பாத்துக்கிட்டு இருந்தா மனுசனுக்குக் கிறுக்குல்லா புடிக்கும்" என்று அக்காவிடம் புலம்புவார். ஆனாலும் பதினாறு வருடம் நோட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. ஊரே ஆச்சரியப்பட்டது, நானும்தான்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறவன். என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த தேன்மொழி, ஆற்றுநீர் ஏறி இறங்குவதைச் சமன்பாட்டில் பிடிக்க ஆசைப்பட்டாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். கல்யாணப் பேச்சை ஐந்து வருடம் தள்ளிப்போட்டுவிட்டுப் படித்தாள். அவளுக்கு எண்கள் வேண்டியிருந்தன. அனுமதி வாங்கி, அத்தானுடைய நோட்டுகளைக் கொண்டுவந்து தந்தது நான்தான்.

தொண்ணூற்றாறில் எங்கள் கல்லூரியில் மூன்று நாள் கருத்தரங்கு நடந்தது. கணிதமும் அதன் அறிவியல் பயன்பாடுகளும் என்று தலைப்பு. தேன்மொழியின் ஆய்வேட்டை மதிப்பிடப்போகும் பேராசிரியரும் சென்னையிலிருந்து வந்திருந்தார். அவர்தான் மதிப்பிடப்போகிறார் என்பது ரகசியம், அதனால் எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பிடித்துவிட்டால் அடுத்த மாதமே ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். ஜூனில் ஒரு வேலையும் அவளுக்காகக் காத்திருந்தது.

எண்களைத் தந்தவருக்குப் பொன்னாடை போர்த்தியே தீரவேண்டும் என்று தேன்மொழி பிடிவாதம் பிடித்ததால் அத்தானும் வந்தார். பொன்னாடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றா சொன்னேன்? குத்துவிளக்கு ஏற்றி முடிப்பதற்குள் மூன்று முறை வெளியே போய் வந்தார். ஃபைலைத் திறந்தார், மூடினார், பேனா மூடியைக் கடித்தார். எனக்கு எரிச்சலான எரிச்சல். நாலாவது முறை எழுந்தபோது வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

தேன்மொழி, திரையில் படம் விழுத்தும் ஓ.எச்.பி.யில் கண்ணாடித் தாளை வைத்துப் பேச ஆரம்பித்தாள். அத்தானுக்கு ஆங்கிலம் வராது. நான் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். திரையில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் அவர் எழுதிய அளவுகள், நீலக்கோடு தேன்மொழியின் சமன்பாடு சொல்வது. முக்கால்வாசிப் புள்ளிகள் கோட்டின் மேலேயே இருந்தன. தொண்ணூற்று மூன்றில் ஆடி அமாவாசையை ஒட்டிய மூன்று நாள்களைக் குச்சியால் தொட்டு, மயிரிழைகூட விலகவில்லை என்று பெருமையாகச் சொன்னாள். சென்னைப் பேராசிரியர் தலையாட்டினார்.

அத்தானுடைய கால் ஆட ஆரம்பித்தது. அந்த மூன்று நாளும் அவர் அணைப் பக்கமே இல்லை, மலைமேல் சொரிமுத்தையனார் கோயில் திருவிழாவில் குடில் போட்டுத் தங்கியிருந்தார். அக்கா, பிள்ளைகள், நான் எல்லோரும் கூட இருந்தோம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

தேன்மொழி அடுத்து, கோட்டுக்கு வெகு கீழே கிடந்த ஒரு புள்ளியைத் தொட்டாள். நவம்பரில் ஒரு நாள் நண்பகல் அளவு அது.

"என்ன மாப்ளே சொல்லுதா?"

"அளவு எடுத்தவர் தப்பா எழுதிட்டாராம். இந்த மாதிரிப் புள்ளியெல்லாம் தள்ளிட்டாளாம்."

எழுந்துவிட்டார். இந்த முறை வேட்டி என் கையில் சிக்கவில்லை.

"யம்மா, அது தப்பில்ல! கொட்டுத மழையில இடுப்பளவு தண்ணிக்குள்ள நின்னு பாத்து எழுதுனேன். மேல கால்வாய் மடையத் தொறந்துவிட்டாவ, ஒரு மணி நேரத்துல ஒண்ணரை அடி எறங்கிட்டு. அது சத்தியமான அளவு."

தேன்மொழி சிரித்த முகமாகவே கேட்டாள். "அப்படின்னா மடை தொறந்த மத்த நாள்ல எல்லாம் ஏன் எறங்கல அண்ணாச்சி?"

அரங்கம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆடி அமாவாசைக் குடில் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவர் வேலையும் பிழைத்திருக்கும், அவள் பட்டமும் பிழைத்திருக்கும். உட்காருங்க அத்தான், உட்காருங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"மத்தது நான் பாக்கலம்மா" என்றார். "முந்தாநாள் நாலடி, இன்னைக்கு மூணரைன்னா, நேத்தைக்கு மூணே முக்கால்னு போட்டுருவேன். என்னால அங்கன இருக்க முடியாதும்மா. என்ன செய்ய?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேன்மொழி மட்டும் கையிலிருந்த பேனாவை அவரை நோக்கி நீட்டினாள்.

"எதெது பாக்காம எழுதுனதுன்னு வந்து குறிங்க."

அத்தான் மேடைக்குப் போனார். அவர் கைநிழல் திரையில் பெரிதாக விழுந்தது. நோட்டு அவருக்கு மனப்பாடம், ஒவ்வொரு புள்ளியாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தார். முடித்தபோது நீலக்கோட்டின் மேல் இரண்டே புள்ளிகள் மிஞ்சியிருந்தன. தள்ளிவிடப்பட்டவை எல்லாம் அப்படியே இருந்தன.

தேன்மொழி திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள். "அஞ்சு வருஷமா ஆத்தைப் படிக்கேன்னு நெனச்சேன் அண்ணாச்சி. உங்களத்தான் படிச்சிருக்கேன்."

அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிரும்மா. என் வேலை போனாலும் போவட்டும். ஆனா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, யாராவது வந்து அந்தக் கல்லைப் பாத்திருந்தா நான் மாட்டியிருப்பேம்லா?"

அணைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் சார் என்று தேன்மொழி இரண்டு தடவை கேட்டிருந்தாள். நோட்டுதான் கையில் இருக்கிறதே, வெயிலில் அலையாமல் கணக்கைப் போடு என்று இரண்டு தடவையும் தடுத்தவன் நான்.

அவள் பேனாவை வாங்கி மூடினாள். பிறகு, ஆய்வேட்டின் முதல் தாளில் வழிகாட்டி என்று பெயர் போட்டிருந்த என்னைப் பார்த்தாள்.