படிக்காமல் அடுக்கிய தூண்கள்

வைதேகி அக்காவுக்குக் கிரேக்க மொழி தெரியாது. ஆனால் பழங்காலக் கிரேக்கர்கள் தூணுக்கு வைத்த பெயர்கள், மியூனிக்கில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில், பாதிக்கு மேல் அவர் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பெயர்ச் சீட்டுகள் இருக்கும் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். அதற்குள் ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன.

திருச்சியில் கணிதம் படித்தவர் அவர். கணவர் வாசுதேவனுக்கு அணு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்ததால் 1966இல் இங்கே வந்தார். இரண்டு வருடம் எல்லோருக்கும் அவர் வாசுதேவனின் மனைவி மட்டும்தான். 1968 வசந்தத்தில், கிரேக்கக் கட்டிடச் சொற்களுக்கு அகராதி தயாரிக்கும் ஓர் அலுவலகம் நல்ல கையெழுத்து உள்ளவர்களைத் தேடியது. அக்கா விண்ணப்பம் போட்டார். ஆறு மாதம் சோதனைக்காலம். அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள்.

"கல்லுக்குப் பேர் எழுதறதுக்கு ஒரு ஆபீஸா?" என்று வாசுதேவன் சிரித்தார்.

"நீங்க கண்ணுக்கே தெரியாத அணுவுக்குப் பேர் வைக்கிறீங்க. இதையாவது தொட்டுப் பார்க்கலாம்," என்றார் அக்கா.

அகராதிக்குச் சீட்டு எழுதுவதுதான் வேலை. ஒவ்வொரு சீட்டும் தபால் அட்டை அளவு. அதில் ஒரு கிரேக்க வாக்கியம், அது எந்த ஏட்டில் அல்லது எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்ற குறிப்பு, ஜெர்மனில் பொருள். மூலையில் ஒரு சிறு படம். படங்களை வரைந்தவர் எப்னர் என்ற வயதான வரைவாளர். அக்கா எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டு பழைய சீட்டுகளைப் படியெடுப்பார். பொருளை ஜெர்மனில் படித்து அசந்துபோவார். ஒரு தூணுக்கு இத்தனை பெயர் எதற்கு? வீட்டுக் கூடத்தில் நிற்பது கீயோன். கூரையைத் தாங்கும் கால் ஸ்ட்யூலோஸ். எழுத்து வெட்டி நட்ட கல் ஸ்டேலே. இறந்தவர் தலைமாட்டில் நிற்பதும் அதுதான். சிரியாவில் ஒரு துறவி முப்பது வருடத்துக்கு மேல் ஒரு ஸ்ட்யூலோஸின் உச்சியிலேயே வாழ்ந்திருக்கிறார். வெயில், மழை எல்லாம் அங்கேதான். கிரேக்க வைத்தியர்கள் நம் உள்நாக்கையும் கீயோன் என்றுதான் அழைத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டைப் படித்த அன்று அக்கா வீட்டுக்கு வந்து கண்ணாடிமுன் வாயைத் திறந்து வெகுநேரம் நின்றாராம்.

செப்டம்பர் கடைசித் திங்கட்கிழமை சரஸ்வதி பூஜை வந்தது. காலையில் அக்கா புத்தகங்களை எல்லாம் அடுக்கி, குங்குமம் வைத்துவிட்டுக் கிளம்பினார். அன்று எதையும் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. மறுநாள் விஜயதசமியன்றுதான் எடுக்க வேண்டும். சோதனைக்காலத்தின் கடைசி வாரத்தில் விடுமுறை கேட்க அவருக்குத் தயக்கம்.

அலுவலகத் தலைவர் டாக்டர் ஹோல்ஸ்னர் என்ற பெண்மணி. அன்று வெளியூர் போகுமுன் அறுபது புதிய சீட்டுகளை அக்காவின் மேசையில் வைத்திருந்தார். தூண் பெட்டியில் ஏற்கெனவே நானூற்றுச் சொச்சம் சீட்டுகள் சொல்வாரியாகவும், ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் காலவரிசையிலும் இருந்தன. புதியவற்றை உரிய இடத்தில் செருக வேண்டும். மறுநாள் நண்பகல் புகைப்படக்காரர் வந்து எல்லாவற்றையும் படமெடுத்து அச்சகத்துக்குக் கொண்டுபோவார்.

செருக வேண்டுமானால் படிக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கவும் மனம் வரவில்லை. அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். பழையதையும் புதியதையும் சேர்த்து, எழுத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து இனம் இனமாகப் பிரித்து வைப்போம். நாளைக்கு விடிந்ததும் வந்து, சீட்டில் உள்ள குறிப்பைப் பார்த்துப் பழையபடி அடுக்கிவிடலாம்.

பெட்டியை நீள மேசையில் கொட்டினார். நான்கு குவியல்கள். பாரம் தாங்குபவை, உச்சியில் சிலையோ ஆளோ நிற்பவை, எழுத்துக் கற்கள், தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாதவை. உள்நாக்குப் படம்தான் தொல்லை கொடுத்தது. அது கூரையைத் தாங்குகிறதா, கூரையிலிருந்து தொங்குகிறதா? அதைத் தனியே வைத்தார்.

ஐந்து மணிக்கு டாக்டர் ஹோல்ஸ்னர் திரும்பி வரும் காலடி படிக்கட்டில் கேட்டது. பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த எப்னர் அக்காவின் மேசையைப் பார்த்து வெளிறிப்போனார்.

"பெட்டி கை தவறி விழுந்துவிட்டதென்று சொல்லுங்கள். இங்கே எல்லோரும் ஒருமுறை போட்டிருக்கிறோம்."

"விழுந்த பெட்டி நான்கு குவியலாகவா விழும்?" என்றார் அக்கா.

உள்ளே வந்த ஹோல்ஸ்னரிடம் நடந்ததை அப்படியே சொன்னார். அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"ஒரே நூற்றாண்டுச் சீட்டுகளில் எது முன்னால், எது பின்னால் என்பது எதிலும் எழுதியில்லை, தெரியுமா? நான்கு மாதம் உட்கார்ந்து நான் அடுக்கிய வரிசை அது."

அக்காவுக்கு அது தெரியாது.

"எங்கள் ஊரில் இயேசுவைச் சிலுவையில் அறைந்த பெரிய வெள்ளியன்று ஆணி அடிக்க மாட்டார்கள்," என்றார் ஹோல்ஸ்னர். "கேட்டிருந்தால் விடுமுறை கொடுத்திருப்பேன். காலை ஆறு மணிக்கு வாருங்கள்."

மறுநாள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அக்கா ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் குறிப்பை வாசித்தார். ஹோல்ஸ்னர் இடம் சொன்னார். பாரம் தாங்கும் குவியலில் ஒரு ஸ்டேலே வந்தபோது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இது எப்படி இங்கே?"

"படத்தில் அது மதிலுக்கு முட்டுக்கொடுக்கிறது."

மிகப் பழைய போர்ப்பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த சீட்டு அது. ஹோல்ஸ்னர் அதை மறுபடி படித்தார். அகராதிக்காகத் தான் தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரையை எடுத்தார். 'ஸ்டேலே ஒருபோதும் பாரம் தாங்குவதில்லை' என்று அதில் இருந்த வரியைக் கோடிட்டு அடித்தார்.

"இதனால் நீங்கள் செய்தது சரியாகிவிடாது."

"தெரியும்," என்றார் அக்கா.

நண்பகலில் இன்னும் தொண்ணூறு சீட்டுகள் மிச்சம். புகைப்படக்காரரைத் திருப்பி அனுப்பினார்கள். அச்சகத்தில் கத்தியது தொலைபேசி வழியே அறை முழுக்கக் கேட்டதாம். மாலைக்குள் வரிசை முடிந்தது. ஹோல்ஸ்னர் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. வெள்ளிக்கிழமை வரை அக்கா வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

"போனா போகட்டும், வேற வேலையா இல்ல?" என்று வாசுதேவன் ஆறுதல் சொன்னார்.

"வேற வேலை இருக்கு. இந்தத் தூணெல்லாம் அங்க இருக்காதே," என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை ஹோல்ஸ்னர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூடவே ஒரு பென்சில். இனி ஒவ்வொரு சீட்டுக்கும் எண் வேண்டும். இன்னொரு நான்கு மாதம் தன்னிடம் இல்லை என்றார்.

அக்கா பெட்டியைத் திறந்தார். கிரேக்க அகர வரிசையில் கீயோன்தான் முதலில். அதிலும் மிகப் பழைய சீட்டில், வானத்தையும் பூமியையும் ஒட்டவிடாமல் பிரித்து நிறுத்தும் உயரமான தூண்கள். மூலையில் எப்னர் இரண்டு நெடுங்கோடுகளை மட்டும் இழுத்திருந்தார். வானத்தை எப்படி வரைவது?

திங்கட்கிழமை அந்தச் சீட்டை எங்கே வைத்தோம் என்று அக்காவுக்கு நினைவு வந்தது. தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாத தூண்களின் குவியலில்.

பென்சிலை எடுத்து, அதன் ஓரத்தில் சின்னதாக '1' என்று எண் எழுதினார்.